தரமிறக்க அச்சமும் நிர்வாகியின் நாற்காலியும்

திங்கட்கிழமை காலைகளில் பள்ளி வளாகத்தில் மாணவர்கள் கூடிப் பேசும் பொருள் பெரும்பாலும் ஒன்றே. வார இறுதி இரவுகளில் தொலைக்காட்சியில் கண்ட இங்கிலாந்துக் காற்பந்து ஆட்டங்களே அப்பொருள். ஆண்டின் தொடக்கத்தில் முன்னணிக் குழுக்களைப் பற்றி நடக்கும் பேச்சு, பருவம் முதிர முதிரப் பட்டியலின் அடியில் தத்தளிக்கும் குழுக்களின் பக்கம் திரும்பும். அப்போது யாரேனும் ஒரு மாணவன் ஓடி வந்து, "ஐயா, அந்தக் குழுவின் மேனேஜரைத் தூக்கிவிட்டார்கள்!" என்பான். சொல்லும்போதே அவன் முகத்தில் ஒரு நிம்மதி படரும். நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது, மருந்தும் கொடுத்தாகிவிட்டது என்பது போன்ற நிம்மதி அது.

அம்மருந்து உண்மையில் மருந்துதானா, அதனை முதலில் அரைத்தவர் யார் என்று அம்மாணவர்கள் கேட்பதில்லை. நான் அதனைக் கேட்டுப் பார்த்தேன். அவ்வினாவின் வழியே சென்றபோது கிடைத்த வரலாற்றினை இங்கே எழுதுகிறேன். மேனேஜரை நம் நாளிதழ்கள் பயிற்றுநர் என்றும் நிர்வாகி என்றும் எழுதுகின்றன. ஆட்டக்காரரைத் தேர்ந்து, அவர்களுக்குப் பயிற்சியளித்து, ஆடுமுறையை வகுக்கும் அவரை இக்கட்டுரையில் நிர்வாகி என்றே வழங்குவோம்.

ஆஸ்டன் வில்லா கழகத்தைச் சார்ந்த வில்லியம் மெக்ரெகரின் முயற்சியால் 1888ஆம் ஆண்டு பன்னிரண்டு கழகங்கள் கூடி இங்கிலாந்தில் காற்பந்து லீக்கினை நிறுவின. அன்று தரமிறக்கம் என்பதே கிடையாது. பட்டியலின் கடைசி நான்கு இடங்களில் நின்ற கழகங்கள் மற்றவற்றின் வாக்குகளைப் பெற்றுத் தங்கள் இடத்தைக் காத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. 1890இல் அவ்வாறு வாக்கு கிட்டாமல் ஸ்டோக் கழகம் வெளியேற, அவ்விடத்திற்கு வந்து சேர்ந்தது சண்டர்லாந்து. இப்பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இக்கழகத்திடம் நாம் நெடுநேரம் தங்கப் போகிறோம்.

1892இல் இரண்டாம் பிரிவு தோன்றியது. முதற்பிரிவில் கடைநிலை எய்திய கழகங்களும் இரண்டாம் பிரிவில் தலைநிலை எய்திய கழகங்களும் தம்முள் சோதனை ஆட்டங்கள் ஆடி ஏற்றத்தையும் இறக்கத்தையும் முடிவு செய்தன. 1898இல் அச்சோதனை ஆட்டமொன்றில் ஸ்டோக், பர்ன்லி ஆகிய இரு கழகங்களும் மோதின. சமநிலை கண்டால் இரண்டுமே முதற்பிரிவில் இடம்பெறும் என்ற நிலை. பிறகென்ன? கோலே விழாமல் ஆட்டம் முடிந்தது. அந்த நாடகத்தோடு சோதனை ஆட்டங்களுக்கு முற்றுப்புள்ளி வைத்து, கடைசி இரு இடங்களில் நிற்கும் கழகங்கள் தாமே இறங்க வேண்டும் என்னும் விதியை வகுத்தார்கள். ஏமாற்றுக்கு வழியடைத்த அதே விதி, கழகங்களின் நெஞ்சில் அச்சத்திற்கு வழிதிறந்தது.

எனினும் அந்நாளில் தரமிறங்கிய கழகம் பழிசுமத்துவதற்கு ஓர் ஆளைத் தேடுவது எளிதாக இல்லை. களத்தில் யார் யார் இறங்குவது என்பதைப் பெரும்பாலான கழகங்களில் இயக்குநர் குழுவே கூடி முடிவு செய்தது. செயலாளர் என்றொருவர் இருந்தார். கடிதம் எழுதுவது, பயணச்சீட்டு எடுப்பது, கணக்கு வைப்பது என்பன அவர் வேலை. ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்தவர்களே தோல்விக்கும் உரியவர்கள். அவர்கள் தங்களைத் தாங்களே நீக்கிக்கொள்வது எங்ஙனம்? சிறிது சிறிதாகத்தான் அச்செயலாளரின் கையில் குழுவை ஒப்படைத்தார்கள். பொறுப்பு கைமாறியபோது பழியும் உடன் மாறியது.

இம்மாற்றத்தை நன்கு விளக்குவது அர்செனல் கழகத்தின் கதை. 1925இல் அர்செனல் இருபத்திரண்டு கழகங்களுள் இருபதாவதாக வந்து, மயிரிழையில் தரமிறக்கத்திலிருந்து தப்பியது. தலைவர் ஹென்றி நோரிஸ், 1919 முதல் நிர்வாகியாக இருந்த லெஸ்லி நைட்டனை நீக்கினார். நல்ல ஆட்டக்காரரை வாங்கப் பணம் தர மறுத்துவிட்டு வெற்றியை மட்டும் கேட்டார்கள் என்று நைட்டன் பின்னாளில் குறைபட்டுக்கொண்டார். அவருக்குப் பின் வந்தவர், ஹட்டர்ஸ்ஃபீல்டு கழகத்திற்கு அடுத்தடுத்து இரண்டு வாகைகளைத் தேடித் தந்திருந்த ஹெர்பர்ட் சாப்மன். முதற்பருவத்திலேயே அர்செனல் இரண்டாம் இடத்திற்கு உயர்ந்தது.

ஆளை மாற்றினால் அனைத்தும் மாறும் என்று வாதிடுவோர் இன்றும் சாப்மனைத்தான் சான்றுக்கு அழைக்கிறார்கள். ஆனால், சாப்மன் வெற்றிக்கு ஐந்தாண்டு கேட்டார் என்பதையும், அக்காலம் அவருக்குக் கொடுக்கப்பட்டது என்பதையும் அவர்கள் சொல்வதில்லை. இரண்டாம் இடத்திற்குப் பின் அர்செனல் சில பருவங்கள் பட்டியலின் நடுவிலேயே உழன்றது. எவரும் அவர் நாற்காலியை ஆட்டவில்லை. முன்னவருக்கு மறுக்கப்பட்ட பணமும் இவருக்குத் திறக்கப்பட்டது. 1928இல் டேவிட் ஜாக் என்னும் ஓர் ஆட்டக்காரருக்கு மட்டும் பத்தாயிரம் பவுனுக்கு மேல் கொடுத்தார்கள். சொன்னபடியே ஐந்தாம் ஆண்டில், 1930இல், எஃப்.ஏ. கிண்ணம் வந்தது. நைட்டனுக்கு அக்காலமும் அப்பணமும் கிடைத்திருப்பின் அவர் என்ன செய்திருப்பார் என்பதை யாராலும் சொல்ல இயலாது.

தரமிறங்கிய பின்னும் நிர்வாகியை வைத்துக்கொண்ட கழகங்கள் அந்நாளில் உண்டு. 1937இல் வாகை சூடிய மான்செஸ்டர் சிட்டி, அடுத்த ஆண்டே தரமிறங்கியது. அவ்வாண்டு முதற்பிரிவில் மிகுதியான கோல்களைப் போட்ட குழுவும் அதுவே! எண்பது கோல் போட்டும் இறங்கிப்போன அவ்விந்தை வேறு எங்கும் காண்பதற்கரியது. அதன் நிர்வாகி வில்ஃப் வைல்டு பதவி இழக்கவில்லை. 1946 வரை அப்பொறுப்பில் நீடித்தார்.

அதே நகரத்தின் மற்றொரு கழகத்தில் நிகழ்ந்தது இன்னும் கருதத்தக்கது. மேட் பஸ்பி என்னும் பெருநிர்வாகி 1945 முதல் 1969 வரை கட்டி வளர்த்த மான்செஸ்டர் யுனைடெட், அவர் விலகிய பின் தடுமாறியது. அடுத்து வந்த வில்ஃப் மெக்கின்னஸ் 1970 டிசம்பரில் நீக்கப்பட்டார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஃபிராங்க் ஓஃபாரல், 1972 டிசம்பரில் கிரிஸ்டல் பேலசிடம் ஐந்து கோல்களில் தோற்றதும் நீக்கப்பட்டார். டாமி டொக்கர்ட்டி வந்தார். அப்பருவத்தில் கழகம் பிழைத்தது. மருந்து வேலை செய்தது என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். மறு ஆண்டே, 1974இல், அதே டொக்கர்ட்டியின் கீழ் யுனைடெட் தரமிறங்கியது. முன்பு யுனைடெட்டின் கண்மணியாக விளங்கிய டெனிஸ் லா, எதிரணியான சிட்டியின் சட்டையை அணிந்து, குதிகாலால் தட்டிய பந்து கோலானதும் மகிழாமல் தலைகுனிந்து நடந்த காட்சி காற்பந்து வரலாற்றில் நிலைத்துவிட்டது. அன்று மற்ற ஆட்டங்களின் முடிவு, அந்தக் கோல் விழாவிட்டாலும் யுனைடெட் இறங்கியே இருக்கும் என்று காட்டியது.

ஐந்து ஆண்டிற்குள் மூவரைக் கண்டுவிட்ட கழகம் நான்காமவரைத் தேடாமல் நின்றது. டொக்கர்ட்டி இருந்தார். 1975இல் இரண்டாம் பிரிவின் வாகையோடு கழகம் மேலே வந்தது, 1977இல் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்றது. அதன்பின் அவர் பதவி இழந்தார் என்றாலும், அது ஆட்டத்தோடு தொடர்பற்ற காரணத்தால் நேர்ந்தது.

1992இல் பிரீமியர் லீக் பிறந்ததோடு இவ்வரலாற்றின் போக்கு மாறியது. தொலைக்காட்சி நிறுவனங்கள் கொட்டிய பணம் ஆண்டுக்கு ஆண்டு பெருகியது. 2017இல் கடைசி இடத்தில் நின்ற கழகத்திற்கே தொண்ணூறு மில்லியன் பவுனுக்கு மேல் கிடைத்தது. தரமிறங்கும் கழகத்திற்குச் சில ஆண்டுகள் உதவித்தொகை உண்டு என்றாலும், மேலே இருப்பதற்கும் கீழே இறங்குவதற்கும் இடையே ஒரு பள்ளத்தாக்கே வாய்பிளந்தது. ஒரு நிர்வாகியை இடையில் நீக்கினால் ஒப்பந்தப்படி சில மில்லியன் இழப்பீடு தரவேண்டும். இறங்கினால் பல பத்து மில்லியன் போகும். கணக்குப் பார்க்கும் இயக்குநருக்கு நீக்குவதே மலிவாகத் தெரிந்தது.

இக்கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்ட கழகம் சண்டர்லாந்து. இங்கிலாந்தின் வடகிழக்கில் வேர் ஆற்றங்கரையில் அமைந்த அந்நகரம் கப்பல் கட்டியும் நிலக்கரி தோண்டியும் வாழ்ந்தது. 1988இல் கப்பல் தளங்களின் கதை முடிந்தது. 1993இல் மங்க்வேர்மவுத் சுரங்கம் மூடப்பட்டது. அச்சுரங்கம் இருந்த இடத்திலேயே கழகம் புதிய விளையாட்டரங்கைக் கட்டி 1997இல் திறந்தது. சுரங்கத் தொழிலாளர் கையிலேந்திய விளக்கின் பெருவடிவம் இன்றும் அதன் வெளியே நிற்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட பின்னும் கோயில் திருவிழாவுக்கு மட்டும் பழைய இடத்திற்குத் திரும்பி வரும் நம் மக்களைக் கண்டவர்களுக்கு, அந்நகரத்தார் தம் காற்பந்துக் குழுவை ஏன் அப்படிப் பற்றிக்கொண்டார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

2013 மார்ச் மாத இறுதி. ஏழு ஆட்டங்கள் எஞ்சியிருந்தன. தரமிறக்கக் கோட்டிற்கு ஒரே புள்ளி மேலே நின்றது சண்டர்லாந்து. நிர்வாகி மார்ட்டின் ஓநீலை நீக்கிவிட்டு, பாவ்லோ டி கானியோவைக் கொண்டுவந்தார்கள். அவர் பரம எதிரியான நியூகாசிலை அதன் அரங்கிலேயே மூன்று கோல்களில் வென்றார், கழகம் பிழைத்தது. அடுத்த பருவத்தில் ஐந்து ஆட்டங்களில் ஒரே புள்ளி பெற்றதும் டி கானியோவை அனுப்பிவிட்டு கஸ் போயட்டை அழைத்தார்கள். 2014 ஏப்ரலில் பட்டியலின் அடியில் கிடந்த குழு, செல்சியையும் மான்செஸ்டர் யுனைடெட்டையும் அவரவர் அரங்கிலேயே வீழ்த்திப் பிழைத்தது. 2015 மார்ச்சில் ஆஸ்டன் வில்லாவிடம் நான்கு கோல்களில் தோற்றதும் போயட் போனார், டச்சுக்காரரான டிக் அட்வொகாட் வந்தார், மீண்டும் பிழைத்தது. அர்செனல் அரங்கில் ஆட்டம் சமநிலையில் முடிந்த அன்று அம்முதியவர் கண்ணீர் விட்டு அழுதார். அதோடு ஓய்வுபெற எண்ணியவரை வற்புறுத்தி நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் எட்டு ஆட்டங்களில் ஒன்றிலும் வெல்லாமல் அக்டோபரில் அவரே விலகினார். சாம் அல்லர்டைஸ் வந்து 2016இல் மறுபடியும் காப்பாற்றினார்.

நான்கு பருவங்கள், நான்கு முறை ஆள் மாற்றம், நான்கு முறையும் உயிர் தப்பல். பிறகு அல்லர்டைஸ் இங்கிலாந்து நாட்டுக் குழுவிற்குப் போக, டேவிட் மோயஸ் வந்தார். 2016-17 பருவத்தில் குழு தொடக்கம் முதலே சரிந்தது. இம்முறை நிர்வாகியை மாற்றவில்லை. கழகம் இருபத்துநான்கு புள்ளிகளோடு கடைசி இடம்பெற்றுத் தரமிறங்கியது!

"மாற்றிய போதெல்லாம் பிழைத்தார்கள், மாற்றாதபோது இறங்கினார்கள், இதற்கு மேல் என்ன சான்று வேண்டும், ஐயா?" என்று ஒரு மாணவன் என்னை மடக்கினான். நல்ல வினா. அன்று அவனுக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. பிறகு எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு புதிய நிர்வாகியும் தமக்குப் பிடித்த ஆட்டக்காரரைக் கேட்டார். அவர் போன பின் அந்த ஆட்டக்காரர் மட்டும் நீண்ட ஒப்பந்தத்தோடு தங்கிவிட்டார். வெவ்வேறு கொத்தனார் வெவ்வேறு அளவில் எழுப்பிய சுவர்களைப் போலக் குழு நின்றது. கடன் நூறு மில்லியன் பவுனைத் தாண்டியது. மோயஸ் கையில் கிடைத்தது அந்த வீடு. அவரும் குறையற்றவரல்லர், பருவத் தொடக்கத்திலேயே இது தரமிறக்கப் போராட்டம் என்று சொல்லி இரசிகரைச் சோர்வுறச் செய்தவர்தாம். ஆயினும் அடுத்த ஆண்டு இரண்டாம் நிலை லீக்கில் சண்டர்லாந்து மீண்டும் பழைய மருந்தையே எடுத்தது. சைமன் கிரேசனை நீக்கிக் கிறிஸ் கோல்மனை அமர்த்தியது. மீண்டும் கடைசி இடத்தைப் பெற்று மூன்றாம் நிலைக்கு விழுந்தது. மேலே திரும்பி வர 2025 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அப்படியானால் அந்த நான்கு உயிர் தப்பல்கள்? இங்கே பொருளியலறிஞர் சிலர் நமக்குத் துணை வருகிறார்கள். நெதர்லாந்தின் முதல்நிலை லீக்கில் 1986 முதல் 2004 வரை நடந்த நிர்வாகி மாற்றங்களை பாஸ் டெர் வீல் என்பவர் ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார். நிர்வாகியை நீக்கிய கழகங்களை மட்டும் அவர் பார்க்கவில்லை. அதே அளவு சரிவைக் கண்டும் நிர்வாகியை நீக்காத கழகங்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார். நீக்கிய கழகங்கள் மீண்டன. நீக்காதவையும் ஏறத்தாழ அதே அளவு மீண்டன. காரணம் எளியது. ஒரு கழகம் தன் இயல்பான நிலைக்கு மிகக் கீழே விழுந்த நேரத்தில்தான் நிர்வாகி நீக்கப்படுகிறார். கம்பத்தில் பட்டுத் திரும்பும் பந்து, காயமுற்ற கோல்காவலர், அடுத்தடுத்து வலிய எதிரிகள் என்று கூடி வந்த தீயூழ் எப்படியும் சில வாரங்களில் கலையும். கலையும் நேரத்தில் நாற்காலியில் இருப்பவர் புகழைப் பெறுகிறார். அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டிலேயே கேம்சன், ஸ்காட்ச் என்னும் இருவர், பேஸ்பால் நிர்வாகிகளை நீக்குவது இரசிகரின் சினத்தைத் தணிக்கும் பலிச்சடங்கு என்று எழுதியிருந்தார்கள்.

இந்த ஆராய்ச்சியைப் படித்தபோது எனக்கு என் நினைவு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியனாக அனுப்பப்பட்டேன். முந்தைய ஆண்டு அப்பள்ளியில் யு.பி.எஸ்.ஆர். தேர்ச்சி மிகவும் சரிந்திருந்தது. பெற்றோர் கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. எனக்கு முன்னிருந்தவர் இடமாற்றம் பெற்றுச் சென்றார். நான் ஜனவரியில் பொறுப்பேற்றேன். அவ்வாண்டே தேர்ச்சி உயர்ந்தது. எனக்கு மாலையிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் செய்தது என்ன? முந்தைய ஆண்டின் ஆறாம் வகுப்பில் இருந்தவர் பதினொருவர். அவர்களுள் மூவர் வாசிக்கவே இடர்ப்பட்டவர்கள். பதினொருவருள் மூவர் தவறினால் விழுக்காடு எப்படி இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டுமா? என் காலத்தில் தேர்வெழுதிய பிள்ளைகள் ஐந்தாண்டுகள் அவர் பார்வையில் வளர்ந்தவர்கள். மேடையில் அவர் பெயரை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நீக்கம் என்றுமே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஆட்டக்காரரோடு உறவு முறிந்து, சொல் எடுபடாத நிலையில் ஒருவரை வைத்திருப்பது யாருக்கும் நன்றாகாது. 2015இல் தரமிறங்கியும் ஷான் டைச்சை வைத்துக்கொண்ட பர்ன்லி, 2016இல் அவரோடு வாகை சூடித் திரும்பியது. ஏறத்தாழப் பத்தாண்டு பணியாற்றிய அவரையே 2022 ஏப்ரலில், எட்டு ஆட்டங்கள் எஞ்சியிருக்கையில் நீக்கியது. இடைக்காலப் பொறுப்பேற்ற மைக் ஜாக்சன் முதல் நான்கு ஆட்டங்களில் மூன்றை வென்றார். இறுதி நாளில் பர்ன்லி தரமிறங்கியது. இதனை எந்தப் பக்கத்துச் சான்றாகக் கொள்வது என்று எனக்கே விளங்கவில்லை.

ஆயினும் இரு மனிதரின் கதையைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க மனம் வரவில்லை. 2014-15 பருவத்தில் லெஸ்டர் சிட்டி மாதக்கணக்கில் கடைசி இடத்திலேயே கிடந்தது. நிர்வாகி நைஜல் பியர்சன். அவரை நீக்கவில்லை. இறுதி ஒன்பது ஆட்டங்களில் ஏழை வென்று கழகம் மீண்டது. ஆட்டத்திற்கு அப்பாற்பட்ட காரணங்களால் அவர் அவ்வாண்டுக் கோடையில் விலக்கப்பட, கிளாடியோ ரனியெரி என்னும் இத்தாலியர் வந்தார். பெரும்பாலும் பியர்சன் சேர்த்து வைத்த ஆட்டக்காரரைக் கொண்டே 2016இல் வாகை சூடினார். பருவத் தொடக்கத்தில் சூதாட்ட நிறுவனங்கள் ஐயாயிரத்துக்கு ஒன்று என்று ஏளனமாக மதிப்பிட்ட வெற்றி அது. ஒன்பது மாதங்கள் சென்றன. தரமிறக்கக் கோட்டிற்கு ஒரு புள்ளி மேலே நின்ற நிலையில், 2017 பிப்ரவரி 23ஆம் நாள் லெஸ்டர் அவரை நீக்கியது. துணைவர் கிரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்று முதல் ஆட்டத்திலேயே லிவர்பூலை வென்றார். கழகம் பன்னிரண்டாம் இடம்பெற்றது. அந்த ஷேக்ஸ்பியரும் அக்டோபரில் நீக்கப்பட்டார்.

பியர்சன் 2019 டிசம்பரில் வாட்ஃபோர்டு கழகத்திற்குச் சென்றார். அப்பருவத்தில் ஏற்கெனவே இருவரை நீக்கிவிட்டுக் கடைசி இடத்தில் கிடந்த கழகம் அது. அதனைத் தூக்கி நிறுத்தினார். நாற்பத்துநான்கு லீக் ஆட்டங்களில் தோல்வியறியாத லிவர்பூலை மூன்று கோல்களில் வென்றார். கோட்டிற்கு மூன்று புள்ளி மேலே, இரண்டே ஆட்டங்கள் எஞ்சியிருக்கையில், 2020 ஜூலையில் அவரையும் நீக்கினார்கள். எஞ்சிய இரண்டிலும் தோற்று வாட்ஃபோர்டு இறங்கியது. மறு ஆண்டே மேலேறி வந்த அக்கழகம், 2021 அக்டோபரில் ரனியெரியை அழைத்தது, நான்கு மாதம் நிறைவதற்குள் அனுப்பியது, மீண்டும் இறங்கியது.

ரனியெரி இத்தாலிக்குத் திரும்பினார். சார்டினியாத் தீவின் கல்யாரி கழகத்தை 1990இல் முதற்பிரிவுக்கு உயர்த்தியவர் அவர்தாம். இரண்டாம் பிரிவில் கிடந்த அதனை 2023இல் மீண்டும் உயர்த்தினார். ஆனால் முதற்பிரிவில் முதல் ஒன்பது ஆட்டங்களில் ஒன்றையும் வெல்ல இயலவில்லை. கழகம் அவரை நீக்கவில்லை. பத்தாம் ஆட்டத்தில் ஃப்ரோசினோனேக்கு எதிராக மூன்று கோல் பின்தங்கி நின்ற குழு, இறுதி நேரத்தில் நான்காம் கோலையும் போட்டு வென்றது. அதன் பின்னரும் சறுக்கல்கள் இருந்தன. 2024 மே 19ஆம் நாள் சசுவோலோ கழகத்தை அதன் அரங்கிலேயே இரண்டு கோல்களில் வென்று கல்யாரி முதற்பிரிவில் தன் இடத்தை உறுதி செய்தது. அத்தோல்வியால் சசுவோலோ தரமிறங்கியது. அன்று சசுவோலோவின் இருக்கையில் அமர்ந்திருந்தவர், அந்த ஒரு பருவத்தில் அக்கழகம் கண்ட மூன்றாம் பயிற்றுநர்.